காம்பராவும் கமராவும்: இலங்கை மலையகத்தின் இளம் படப்பிடிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

கல்யாணம், சடங்கு, கருமாதி என்று கமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் ஏறி இறங்குகிறவர்கள் நீங்கள். அட்டனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் ராகலையிலும் உங்களில் பலரைப் பார்த்திருக்கிறேன். இருபத்தாறு வருடங்களாக நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன். உங்களிடம் ஒன்றைக் கேட்கவே இந்த மடல். நம் வீட்டுப் பெரியவர்களை அவர்களுடைய காம்பராவுக்குள்ளேயே, அந்த லயத்து அறைக்குள்ளேயே, அங்கே இருக்கிற வெளிச்சத்திலேயே படம் எடுங்கள்.

என் அப்பாயி, அப்பாவின் அம்மா, இறந்த அன்று மாலை போடுவதற்கு வீட்டில் அவருடைய படம் இல்லை. அடையாள அட்டையில் இருந்த நகமளவு முகத்தை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கினோம். வந்த படத்தில் நெற்றிச் சுருக்கம் ஒன்றுகூட இல்லை. நிறம் கோதுமையாகியிருந்தது. கழுத்துக்குக் கீழே, வாழ்நாளில் அவர் உடுத்தியே இராத பட்டுச்சேலை. படத்தைக் கையில் வாங்கிய அத்தை சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இது யார்?" என்று கேட்டார்.

அப்போது நான் கமரா வாங்கி நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் தோட்டத்துக் கல்யாணங்களில் பாதியை நான்தான் எடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுப்படியில் அப்பாயியின் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தவன், "இங்கே வெளிச்சம் போதாது, இன்னொரு நாள் வெளியே உட்கார வைத்து எடுக்கிறேன்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வெளிச்சம் அங்கேதான் இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நம்மவர்களின் பழைய படங்களை எண்ணிப் பாருங்கள். நம்மவர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்துகொண்ட 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கடல் கடந்து போனவர்களின் கடவுச்சீட்டுப் படங்கள், இங்கேயே தங்கியவர்களின் அடையாள அட்டைப் படங்கள். எத்தனையோ வீடுகளில் மிஞ்சியிருப்பவை இவைதான். அரசாங்கம் கேட்டதால் எடுக்கப்பட்டவை. இன்னொரு பக்கம், கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்கள் உலகம் முழுவதும் போயிருக்கின்றன. அந்தப் பெண் மாலையில் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, பேத்திக்குத் தலை வாரிவிடும்போது எப்படி இருப்பாள் என்பதைக் காட்டும் படம் எங்கே? அதை நாம்தான் எடுக்க வேண்டும். அந்த வாசலுக்குள் கூச்சமில்லாமல் நுழையக்கூடியவர்கள் நாம்.

காம்பரா என்ற சொல்லை நாம் போர்த்துக்கேயரின் 'காமரா' என்ற சொல்லிலிருந்து பெற்றோம். அறை என்பது அதன் பொருள். அதற்கும் நம் கையில் இருக்கும் கமராவுக்கும் வேர் ஒன்றே. அறையைக் குறிக்கும் லத்தீன் சொல். கமராவின் ஆதி வடிவமே ஓர் இருட்டறைதான், அதன் ஒரு பக்கத்தில் சிறு துளை, அந்தத் துளை வழியே நுழையும் வெளிச்சம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, புகையேறிய சுவர், ஒரே ஒரு கதவு என்று நாம் குறையாகச் சொல்கிற அமைப்பு, உருவப்படத்துக்கு எத்தனை பொருத்தமானது என்பதை அறிய எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

முதலில் பல்பை அணைத்துவிடுங்கள். மஞ்சள் பல்பும் வாசலின் நீல வெளிச்சமும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்த மென்பொருளாலும் அதை எளிதில் சரிசெய்ய முடியாது. பிறகு கதவை முழுதாகத் திறங்கள். எடுக்கப்படுகிறவரை வாசற்படியில் உட்கார வைக்காதீர்கள். இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி, முகம் கதவுப் பக்கம் பாதி திரும்பியிருக்கும்படி அமர்த்துங்கள். நீங்கள் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்ளுங்கள். வெளிச்சத்தை மறைக்காதீர்கள். இப்போது வாசல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்து, மூக்கைத் தாண்டி, மறு கன்னத்தில் மெல்லத் தேயும். பின்னால் இருக்கிற துணிக்கொடியும் பானை சட்டிகளும் தாமாகவே நிழலுக்குள் போய்விடும். மறு கன்னம் மிகவும் இருண்டால் வெள்ளை வேட்டி ஒன்றை நான்காக மடித்து அந்தப் பக்கம் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். நான் பேரப்பிள்ளைகளிடம்தான் கொடுப்பேன். அவர்கள் எதிரே நிற்கும்போது தாத்தாவின் முகத்தில் வருகிற மலர்ச்சியை நாம் சொல்லி வரவழைக்க முடியாது.

மூடுபனி இறங்கும் நாளில் வேலையை ஒத்திப்போடுகிறவர்கள் உங்களில் பலர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் நம் மேற்குச் சரிவுகள் நனைந்தபடியே இருக்கும். அந்த நாட்களில் வானம் முழுவதும் ஒரே வெள்ளைத் திரையாகிக் கதவு வழியே இறங்கும் வெளிச்சத்தில் கூர்மையே இராது. சுருக்கங்களை அழிக்காமல் வருடிக்கொண்டு போகும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்குகிற சாப்ட்பாக்ஸ், விளக்கை மூடி வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி, செய்ய முயல்வதும் அதைத்தான். கிழக்குப் பார்த்த லயம் என்றால், வெயில் நேரே உள்ளே விழும் காலைப்பொழுதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது நிறம். இதில் எனக்குக் கோபமே உண்டு. கமராவின் ஒளிமானி தான் அளக்கும் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். திறந்த கதவு சட்டத்துக்குள் வந்தால் முகத்தைக் கரியாக்கிவிடும். கரிச்சுவர் நிறைந்திருந்தால் முகத்தை வெளுத்துவிடும். ஆகவே கன்னத்தை மட்டும் அளந்து, கருத்த மேனி என்றால் அங்கிருந்து அரை ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). கன்ன எலும்பிலும் நெற்றியிலும் விழும் மினுக்கம் கெடாமல் இருக்கட்டும், கருப்பு மேனியின் அழகு அங்கேதான் தெரியும். பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷேர்லி' அட்டைகளில் வெள்ளைத்தோல் பெண்ணின் படம் இருந்தது. அவளுடைய நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அச்சிட்டார்கள். அந்த அட்டைகள் போய்விட்டன, அந்தப் பழக்கம் கைபேசிகளின் 'அழகூட்டும்' வசதியில் இன்னும் இருக்கிறது. அதை அணைத்துவையுங்கள். கேட்காமலே ஒருவரை வெளுப்பாக்குவது, உன் நிறம் சரியில்லை என்று அவரிடமே சொல்வதாகும். என் அத்தையின் கேள்வியை நான் இன்றும் மறக்கவில்லை.

ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கமராவின் ஒளி உணர்திறனை, உயர்த்தப் பயப்படாதீர்கள். 1600, 3200 வரை தாராளமாகப் போங்கள். 400 இல் இருட்டாக எடுத்துப் பின்னர் கணினியில் தூக்கினால்தான் புள்ளிகள் மோசமாகும். கமராவோடு வரும் சாதாரண லென்ஸை முன்னே இழுத்தால் அதன் துளை எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கையில் காசு சேர்ந்தால் புதிய கமராவுக்கு முன் இதை வாங்குங்கள். ஆனால் நெருங்கி நின்று 1.8 இல் எடுத்தால் ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கும். பெரியவர்கள் மூச்சுக்கேற்ப லேசாக அசைந்துகொண்டிருப்பார்கள், எனவே 2.5 அல்லது 2.8. ஷட்டரை 1/125 வினாடியில் வையுங்கள், முடியாதபோது 1/60. கதவு நிலையில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்ட பிறகு அழுத்துங்கள். அவர்களைப் பேசவிடுங்கள். ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் முகம் ஒரு கணம் அசையாமல் நிற்கும், அதுவே நமக்கான நேரம்.

கைபேசிதான் இருக்கிறதென்றால் பிரதான லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள், விரல்களால் பெரிதாக்காமல் காலால் நெருங்குங்கள். இரவு முறை பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குவதால் இரண்டு மூன்று வினாடிகள் இருவருமே அசையக்கூடாது. அரிசிப் பெட்டி மேல் சாய்த்து வையுங்கள். பல்பை அணைக்க முடியாத இரவில், எல்.ஈ.டி. பல்பின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, பல்பு 100 முறை துடிக்கிறது. பிளாஷை நேரே அடிக்காதீர்கள். விறகடுப்புப் புகையில் அது வெள்ளைத் திரையாகத் திரும்பி வரும், தகரக் கூரையும் கரிச்சுவரும் அதை மென்மையாகத் திருப்பித் தராது.

வாசல் வெளிச்சத்தில் உருவம் எடுப்பது நமக்குப் புதியதாகத் தோன்றலாம். ஆனால் இது பழைய வழிதான். கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில்தான் முதல் கமராவைக் கையில் எடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கேமரன், இன்றைய பிளாஷ் இல்லாத காலத்தில், இயற்கை வெளிச்சத்தை நம்பி, சில நேரம் நிமிடக்கணக்கில் ஆட்களை அசையாமல் உட்கார வைத்து அறிவியலாளர் டார்வினையும் கவிஞர் டெனிசனையும் எடுத்தவர். 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் டிக்கோயாவில் இறந்தார். அவருடைய கல்லறை பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளாகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் கல்யாண வேலைக்குப் போனால் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் ஒன்று. அவர் எடுத்த ஆங்கிலப் பெரியவர்களின் பெயர்களை உலகம் அறியும். இலங்கையில் அவர் எடுத்த உழைக்கும் மக்கள் பலரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

"இந்தப் பொந்துக்குள்ளே என்னத்தைப் படம் எடுப்பது, பூச்செடிப் பக்கம் போவோம்" என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கூச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்த அறைகளை அவர்கள் கேட்டுக் கட்டவில்லை. அவர்கள் சொல்கிற இடத்தில் முதலில் எடுத்துக் கொடுங்கள். பிறகு, அனுமதித்தால் மட்டும், உள்ளே ஒன்று. வறுமையைக் காட்டப் படம் எடுக்கும் ஆட்கள் ஏற்கனவே வந்து போயிருக்கிறார்கள். நீங்கள் அப்படி வரவில்லை என்பது, எடுத்த படம் யாருடைய கைக்கு முதலில் போகிறது என்பதில் தெரிந்துவிடும். அந்த வீட்டைக் கேட்காமல் எங்கும் பகிராதீர்கள்.

அச்சிட்டுக் கொடுங்கள். கைபேசி உடைந்தால் படமும் போய்விடும். திரையில் சரியாகத் தெரியும் இருட்டுப் படம் தாளில் இன்னும் கறுத்து வரும், எனவே அனுப்புமுன் நிழல்களைக் கொஞ்சம் தூக்கி, முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயர், தோட்டம், டிவிஷன், தேதி எழுதுங்கள். பெயரை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். நம்மில் எத்தனை பேர் "அப்பாயி" என்று மட்டுமே கூப்பிட்டு வளர்ந்தோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, உங்கள் லயத்திலேயே மூத்தவர் யாரோ அவரிடம் போங்கள். பையை வெளியே வைத்துவிட்டுக் கமராவை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். தேநீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். பிறகு எழுந்து பல்பை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வையுங்கள்.

அன்புடன்,
அட்டன் பக்கத்து மூத்த படப்பிடிப்பாளன் ஒருவன்