கணித வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி இந்த ஆண்டு முழுவதும் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டோம். மாதம் ஒரு தலைப்பு என்ற பழைய வழக்கம் நின்றதில் சிலருக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும் கோட்டுருவியலில், அதாவது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதத்தில், ஒரு கணக்கோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டினால்தான் அதன் ருசி தெரியும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

1967இல் அலெக்சாண்டர் ரோசா எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த கேள்வி அது. முனைகள் என்னும் புள்ளிகளை விளிம்புகள் என்னும் கோடுகளால், சுற்று எதுவும் வராமல், ஒன்றாக இணைத்த படமே மரம். பத்து முனைகள் உள்ள மரத்தில் 0 முதல் 9 வரையுள்ள எண்களை முனைக்கு ஒன்றாக இட வேண்டும். ஒவ்வொரு விளிம்பிலும் அதன் இரு முனை எண்களின் வித்தியாசத்தை எழுதினால் 1 முதல் 9 வரை எதுவும் விடுபடாமல் வர வேண்டும். நான்கு முனைகள் வரிசையாக இருந்தால் 0, 3, 1, 2 என்று இடலாம். வித்தியாசம் 3, 2, 1. எத்தனை முனைகள் இருந்தாலும் எல்லா மரங்களுக்கும் இப்படி முடியுமா என்பதற்கு இன்றுவரை நிரூபணம் இல்லை. நம் மாநிலக் கல்லூரிகளில் கிரேஸ்ஃபுல் லேபிளிங் எனப்படும் இந்த எண்ணிடல் பற்றிய ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் புதிய கோட்டுருக் குடும்பம் ஒன்றைத் தேர்ந்து அதற்கு எண்ணிட்டுக் காட்டுவதோடு பல நின்றுவிடுகின்றன. நாமோ விடை தேடும் முறையையே படிக்க விரும்பினோம்.

பத்து முனை மரங்கள் மொத்தம் 106. அத்தனையையும் மாணவ உறுப்பினர்கள் தாளில் வரைந்தார்கள். ஒரே மரம் இருமுறை வந்துவிடாமல் பார்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரு மரத்துக்கு எண்ணிடும் வழிகள் 36,28,800. இங்கேதான் கணிதம் கைகொடுத்தது. ஒரே ஒரு விளிம்பு மட்டும் உள்ள முனைகளை இலைகள் என்பார்கள். இலைகளை நீக்கினால் ஒற்றைப் பாதை மிஞ்சும் மரங்களைக் கம்பளிப்புழு மரங்கள் என்பார்கள். அவை எல்லாவற்றுக்கும் விடை உண்டென்று ரோசாவே காட்டிவிட்டார். நம் 106இல் அவை 72. மீதி 34தான். அடுத்து, 9 என்ற வித்தியாசம் 0, 9 இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் மட்டுமே வரும். 8 வர 0–8 அல்லது 1–9 வேண்டும். எண் ஒவ்வொன்றையும் 9இலிருந்து கழித்தால் ஒன்று மற்றொன்றாக மாறிவிடுவதால் ஒரு வழியைப் பார்த்தால் போதும். இப்படிப் பெரிய வித்தியாசத்திலிருந்து இறங்கி, முட்டிய இடத்தில் ஒரு படி பின்வாங்கி, 34 மரங்களுக்கும் விடை கண்டார்கள். அந்தத் தாள்களைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது.

கணினி கொண்டு 35 முனைகள் வரை இந்தத் தேடல் 2010இல் நடந்து முடிந்திருக்கிறது. எல்லா முனைகளும் ஒன்றோடொன்று இணைந்த, தக்க அளவுள்ள கோட்டுருவை ஒரே மரத்தின் நகல்களாகப் பிரித்துவிடலாம் என்பது இதோடு நெருங்கிய ரிங்கெல் ஊகம். அதை, போதுமான அளவு பெரிய மரங்களுக்கு மான்ட்கோமரி, பொக்ரோவ்ஸ்கி, சுடகோவ் ஆகிய மூவரும் 2020இல் நிரூபித்தார்கள். அந்த நிரூபணத்தை வாசிக்க அமைத்த குழு பாதியில் நிற்கிறது, தொடர வேண்டும்.

கூட்டங்களுக்கு இடம் தந்த நூலகத்துக்கு நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா நிலுவை உள்ளவர்கள் இன்றே செலுத்திவிடுங்கள்.

வரும் ஆண்டுக்குப் பதினொரு முனை மரங்கள், மொத்தம் 235, செயற்குழுவின் பரிந்துரையாக இருக்கின்றன. இம்முறை கையால் வரைவதோடு நிரலும் எழுத வேண்டும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். இரண்டுக்கும் பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்