பாத அறுவைக்குப் பின் ஓட்டம் எப்போது?

ஆசிரியருக்கு,

பாதத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலர், ‘ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிடும்’ என்பதை நம்பி ஷூவை மாட்டிவிடுகிறார்கள். ஆறு வாரம் பெரும்பாலும் நடைக்கான கணக்கு, ஓட்டத்துக்கானது அல்ல. எலும்பை வெட்டிச் சீரமைத்த பாதம் ஓட்டத்தின் அதிர்வைத் தாங்க மூன்று, நான்கு மாதங்களாவது ஆகும். சிலருக்கு அதற்கும் மேல். மாலை நேர வீக்கம் பல மாதங்கள் நீடிப்பது இயல்பே.

சைக்கிள், நீச்சலால் மூச்சுத்திறன் சீக்கிரம் திரும்பிவிடும். ஆபத்து அங்கேதான்: கெண்டைத்தசையும் தசைநாணும் எலும்பும் அந்த வேகத்தில் தேறுவதில்லை. பெருவிரல் விறைத்திருந்தால் உந்துவிசை இரண்டாம் விரலின் அடி எலும்புக்கு மாறி, அங்கே நுண்முறிவு வரலாம். ஆகவே மருத்துவர் அனுமதித்ததும், பெருவிரலைக் கையால் மேல்நோக்கி வளைக்கும் பயிற்சியை ஒரு நாளும் விடக் கூடாது. எல்லோரும் அலட்சியப்படுத்துவது இதைத்தான்.

ஓடத் தொடங்குமுன் நொண்டாமல் 30 நிமிடம் வேகமாக நடக்க முடிய வேண்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 20 முறை, மறுகாலின் உயரத்துக்கே தூக்க முடிய வேண்டும். பிறகு 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை என எட்டுச் சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலை முதல் அடியில் வலி கூடியிருந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். நேரத்தை முதலில் கூட்டுங்கள், வேகத்தைப் பிறகு.

அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் வந்தால் தேய்த்துவிடாதீர்கள். இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

– இயன்முறை மருத்துவர் ஒருவர்