பந்தைப் பழசாக விடுங்கள்: ஐ.சி.சி. ஆடவர் கிரிக்கெட் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். 2011 அக்டோபரில் ஒருநாள் போட்டிக்கு முனைக்கொரு புதுப்பந்து கொடுத்தீர்கள். ஐம்பது ஓவர் முடிந்தாலும் ஒவ்வொரு பந்தும் 25 ஓவர்தான் ஆடியிருக்கும். 2025 ஜூலையில் அதைத் திருத்தி, 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்து என்றீர்கள். நல்ல முடிவு, ஆனால் போதாது. 35-வது ஓவரில் கைக்கு வருவது 17 ஓவரே அடிவாங்கிய பந்து.

ரிவர்ஸ் ஸ்விங்குக்கு, அதாவது தேய்ந்த பந்து வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வளைவதற்கு, ஒரு பக்கம் தரையில் உரசி, சொரசொரவென்று வறண்டிருக்க வேண்டும். மறுபக்கத்தைப் பேன்ட்டில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகக் காக்க வேண்டும். அப்போதுதான் 140 கி.மீ. வேகத்தில் மட்டையாளரின் காலடியில் விழ வரும் யார்க்கர் பளபளப்பான பக்கமாக வளைந்து கால்விரலைத் தேடும். வெள்ளைப் பந்தின் பூச்சு உரியாமல் இது நடக்காது. சுழலுக்கும் பூச்சு போனால்தான் விரலில் பிடிப்பு. பந்து மெத்துப்பட்டால் மட்டையாளர் தன் பலத்தைப் போட்டுத்தான் அதை எல்லைக்கு அப்பால் அடிக்க வேண்டும். 11 முதல் 40 ஓவர் வரை ஆடுகளத்தைச் சுற்றிய உள்வட்டத்துக்கு வெளியே களத்தடுப்பாளர் நால்வர்தான் நிற்கலாம் என்ற நிலையில், கெட்டியான பந்தோடு சுழல் வீசுவது பெரும்பாடு. சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனின் 534 ஒருநாள் விக்கெட்டுகளும் இரு பந்து முறை வந்த 2011 அக்டோபருக்கு முந்தையவை.

எனவே 34-ஐ 24 ஆக்குங்கள். 40 ஓவர் முடியும்போது பந்து 28 ஓவர் ஆடியிருக்கும். இன்று அது 23. கடைசிப் பத்து ஓவரில் அந்த ஐந்து ஓவர் தேய்மானம் பந்துவீச்சாளருக்குப் பெரிய ஆயுதம்.

பழைய வெள்ளைப் பந்து அழுக்கேறி, விளக்கொளியில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்ற கவலை நியாயமானது. அதற்குப் புதிதான பந்தைக் கொடுப்பது தீர்வாகாது. நடுவரின் பெட்டியில் 25, 30, 35 ஓவர் ஆடிய பந்துகள் இருக்கட்டும். அவை வலைப்பயிற்சியில் அடிபட்டவையாக இல்லாமல், அதே மைதானத்தில் ஆடியவையாக இருப்பது முக்கியம். ஹைதராபாத் மண்ணில் தேயும் பந்தும் கிறைஸ்ட்சர்ச் புல்லில் உருளும் பந்தும் ஒன்றல்ல.

அடுத்து, பந்தைப் பளபளப்பாக்கத் தடவும் எச்சில். அதற்குக் கொரோனாவுக்காக 2020-ல் வந்த தடையை 2022 அக்டோபரில் நிரந்தரமாக்கினீர்கள். 2025 ஐ.பி.எல்.லில் அது விலக்கப்பட்டது. எச்சிலுக்குப் பதிலாகத் தடவும் வியர்வை நீர்த்தது, வழிந்து வறண்ட பக்கத்தையும் நனைத்துவிடும். எச்சில் சற்றுக் கெட்டி, விரல்நுனி அளவு போதும், தடவிய இடத்தில் நிற்கும். குளிர்நாட்டு மாலைகளில் வியர்வைக்கு எங்கே போவது?

ஓவர் கணக்கை மாற்றச் சோதனை ஆட்டங்கள் தேவைப்படலாம். எச்சில் தடையை நீக்க அதுகூட வேண்டாம். அடுத்த விதித்திருத்தத்திலேயே செய்யுங்கள்.