கெஸ்ட் பிளேயர்களும் நம் கால்பந்துக் கழகங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை மாவட்டத்துக் கால்பந்துக் கழகங்கள் இரண்டொரு ஆண்டு நன்றாக ஆடிவிட்டு அடங்கிப்போவதற்குப் பணமின்மையே காரணம் என்று கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருநகர்ப் பகுதியில் ஒரு சிறு கழகத்தின் வரவு செலவைப் பதினோரு ஆண்டுகளாக எழுதி வருபவன் நான். அந்தக் காரணத்தை என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. பணம் குறைவு என்பது உண்மைதான்; ஆனால் இருந்த பணம் எந்த வழியில் போயிற்று என்பதை என் கணக்கு நோட்டைப் புரட்டினாலே தெரிந்துகொள்ளலாம்.

கோடை விடுமுறையில் ஊருக்கு ஊர் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளுக்காக வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அந்தப் போட்டிக்கு மட்டும் ஆட கெஸ்ட் பிளேயர்களை அழைப்பது எங்கள் பக்கத்துக் கழகங்களின் வழக்கம். முன்பணம், பயணச் செலவு, லாட்ஜ் வாடகை, இரண்டு வேளை பிரியாணி என்று ஓராண்டில் எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போயிற்று. ஆண்டு முழுவதும் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு வந்து பயிற்சி எடுத்த பையன்கள் போட்டி நடந்த நான்கு நாட்களும் கோட்டுக்கு வெளியே தண்ணீர்க் கேனுடன் உட்கார்ந்திருந்தார்கள். செமி ஃபைனலில் தோற்றோம். வந்தவர்கள் அன்றிரவே பஸ் ஏறிவிட்டார்கள். அடுத்த ஜூனில் பயிற்சி தொடங்கியபோது எங்கள் பையன்களில் ஆறு பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் கோல்கீப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியுமுன் மூட்டை இறக்கிவிட்டு, சட்டையில் மல்லிகை வாசத்தோடு நேராக மைதானத்துக்கு வருவான். கிழிந்த கிளவுஸின் விரல்களுக்குப் பிளாஸ்திரி சுற்றியிருப்பான். ‘மேலே’ என்று அவன் ஒரு குரல் கொடுத்தால் பின்வரிசை நால்வரும் சேர்ந்தாற்போல் முன்னேறுவார்கள். பந்து வரும்போது எங்கள் பின்வரிசையைத் தாண்டி நிற்கும் எதிரணியின் ஃபார்வர்டு, ஆஃப்சைடு விதிமீறலில் சிக்கிக்கொள்வார். அந்த ஒத்திசைவு வருவதற்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. புதுக் கிளவுஸும் வண்டிக்குப் பெட்ரோல் செலவும்தான் அவன் கேட்டவை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றது கமிட்டி. அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன். அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அதற்குப் பிந்திய மூன்று ஆண்டுகளில் நான்கு கீப்பர்களைப் பார்த்துவிட்டோம். பின்வரிசை நால்வரில் ஒருவர் அரை நொடி பின்தங்கினாலும் ஆஃப்சைடு கோடு உடைந்துவிடும் என்பதால், லீக் ஆட்டங்களில் நாங்கள் வாங்கிய கோல்களில் பல ஒரே மாதிரியாகவே விழுந்தன. செவன்ஸில் பெரும்பாலும் ஆஃப்சைடே பார்ப்பதில்லை, மைதானமும் சிறியது. ஆகவே அங்கே கைதட்டல் வாங்குகிறவர் பதினொருவர் ஆட்டத்திலும் அப்படியே கைகொடுப்பார் என்று எண்ணுவது தவறு.

பெரிய கழகங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி, தேசிய அளவிலான கழகப் போட்டியான ஐ-லீக்கின் 2018-19 பட்டத்தை ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று வென்றபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்த வெளிநாட்டு ஆட்டக்காரர் பெட்ரோ மான்சி, அடுத்த பருவம் முடிவதற்குள் ஜப்பானுக்குப் போய்விட்டார். 2020-21இல் அணி பட்டியலின் கீழ்ப்பாதிக்கு இறங்கியது. அதற்கடுத்த பருவத்தில் ஐ-லீக்கிலேயே இல்லை. ஸ்பெயினின் பில்பாவோ நகரத்து அத்லெடிக் கழகமோ, தன் சொந்த வட்டாரமான பாஸ்க் பகுதியில் பிறந்த அல்லது அங்கேயே பயிற்சி பெற்ற ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு, 1929 முதல் இன்று வரை முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூட இறங்கவில்லை. 2024இல் அந்நாட்டின் அரசர் கோப்பையையும் வென்றது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் மதுரையின் சேது எஃப்.சி. மகளிர் அணி 2018-19இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றதோடு நின்றுவிடாமல், 2021-22இல் இரண்டாம் இடத்தையும் பிடித்தது. நம் ஊர் ஆண்கள் கழகங்களின் நிர்வாகிகள் அவர்களுடைய பயிற்சியை ஒரு நாளாவது போய்ப் பார்த்திருப்பார்களா என்பது என் நெடுநாள் சந்தேகம்.

என் கையில் ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தால் முதலில் கோச்சுக்கு மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கு வழி செய்வேன்; ஒரு கோப்பை போய்விட்டது என்பதற்காக நடுவில் அவரை மாற்ற மாட்டேன். அடுத்தது கீப்பர், நடு டிஃபென்ஸ் இருவர், மிட்ஃபீல்டில் ஒருவர். இந்த நால்வரும் ஊரைவிட்டுப் போகாதபடி அவர்களுடைய வேலை நேரத்துக்கு ஏற்பப் பயிற்சி நேரத்தை மாற்றுவதற்குப் பணம்கூடத் தேவையில்லை. ஃபார்வர்டு கிடைக்கவில்லை என்றால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் வெளியாளைத் தேடலாம். நான் கெஸ்ட் பிளேயர்களுக்கு முழு எதிரியல்லன். மீதிப் பணமெல்லாம் பதின்மூன்று, பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களுக்கே போக வேண்டும்.

அந்தப் பையன்களை முறைப்படி கழகத்தின் பெயரில் பதிவு செய்வதை நாம் வெறும் காகித வேலையாக நினைக்கிறோம். ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்துக்குள் பிற நாட்டுக் கழகத்துக்குத் தொகை பெற்று மாற்றப்பட்டால், அத்தொகையில் 5 சதவீதத்தை, அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி. நம் பையன் ஒருவன் அந்த உயரத்துக்குப் போவது அரிதுதான். ஆனால் போகும்போது அவன் எங்கே ஆடினான் என்பதற்குப் பதிவு இல்லையென்றால் நமக்குக் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

தங்கள் இதழ் வாயிலாகக் கோடைப் போட்டிகளை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். ஓர் அணி களமிறக்கும் ஆட்டக்காரர்களில் இருவருக்கு மேல் வெளியாட்களாக இருக்கக் கூடாது என்றும், மற்றவர்கள் அந்த ஆண்டின் லீக்கில் அதே கழகத்துக்கு ஆடியவர்களாக இருக்க வேண்டும் என்றும் வரும் கோடையிலேயே விதி வகுக்க வேண்டும். பரிசுத் தொகையில் ஒரு பகுதியைப் பதினைந்து வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு ஒதுக்கினால் இன்னும் நல்லது. இதைப் போட்டி நோட்டீஸ் அச்சாகுமுன் செய்துவிட வேண்டும். நோட்டீஸ் வந்துவிட்டால் கமிட்டிக்காரர்கள் கேரளத்துக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு கழகப் பொருளாளர்,
திருநகர், மதுரை.