மூட்டு சரி, மூச்சு?

ஆசிரியருக்கு,

மூட்டு மாற்று சிகிச்சை பற்றிய கட்டுரை படித்தேன். முழங்கால் எப்போது மடங்கும், படி எப்போது ஏறலாம், எல்லாம் இருந்தது. மூச்சைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

என் அம்மாவுக்கு 68 வயதில் வலது முழங்கால் மாற்றினோம். ஆபரேஷன் ஆன ஒன்பதாம் நாள் காலை, பாத்ரூமிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். “மூச்சு வாங்குது கண்ணு” என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தது. பேட்டரி மாற்றி விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதம்தான். அப்புறம்தான் ஆம்புலன்ஸ்.

காலில் உறைந்த ரத்தம் பெயர்ந்துபோய் நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்திருப்பதாக சிடி ஸ்கேனில் தெரிந்தது. கெண்டைக்கால் இரண்டு நாளாக வீங்கித்தான் இருந்தது. ஆபரேஷன் செய்த கால் வீங்காதா என்று விட்டுவிட்டோம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையையும், அட்டை தீர்ந்ததும் வலி மாத்திரைதானே என்று நாங்களே நிறுத்தியிருந்தோம். முழங்காலுக்குச் சுமார் இரண்டு வாரம், இடுப்பு மூட்டுக்கு ஐந்து வாரம் வரைகூட அதைக் கொடுப்பார்களாம். ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசியில் அம்மா பிழைத்தார்.

இன்னொன்று, குறட்டை. ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது அம்மா வெட்கப்பட்டு “அதெல்லாம் இல்லீங்க” என்றுவிட்டார். பக்கத்து வீட்டுக்கே கேட்கும்! இப்படிக் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு மார்பின் போன்ற வலி மருந்துகள் மூச்சை மேலும் மந்தமாக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. மறைக்கக் கூடாத விஷயம்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றும் கொடுத்தார்கள். படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தேங்கும், நிமோனியாகூட வரலாம். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. அம்மா நான்கு நாள் அதை ஊதிக்கொண்டிருந்தார். உறிஞ்ச வேண்டுமாம். பார்த்துச் சொன்னவர் பக்கத்துக் கட்டில் நோயாளி.

டிஸ்சார்ஜ் தாளை வீட்டில் எடுத்துப் பார்த்தேன். தையல் பிரிக்கும் தேதி முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே வர வேண்டும் என்பது நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். அதை முதல் பக்கத்தில் தமிழில் போட்டால் என்ன?

வாசகர்,
ஈரோடு