உச்ச விலையைப் பார்த்து மலையேறுகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதச் சம்பளத்தை உதறிவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கியவர்களைப் பாராட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் பக்கத்தில் பலரும் படித்தார்கள். துணிச்சலைப் பாராட்டியதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. எவ்வளவு துணியலாம் என்ற கணக்கு மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் இந்தத் துணிச்சல் பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும். கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலக்காய்த் தோட்டம் குத்தகைக்குப் பிடிப்பார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்துச் சேர்த்த காசோடு திரும்பிவருகிற பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. இன்றைக்கும் டீக்கடைப் பேச்சில் அந்த எண்தான் முதலில் வரும். அது ஏலத்துக்கு வந்த குவியல்களில் ஒன்றுக்கு, ஒரே ஒரு லாட்டுக்கு, கிடைத்த உச்ச விலை, அன்றைய சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. விலை ஏன் ஏறியது என்பதையும் சொல்வதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தோட்டங்கள் அடிபட்டிருந்தன, அடுத்த பருவத்துக்கு மழையும் தள்ளிப்போனது. காய் இல்லாததால் விலை ஏறியது. அந்த விலையைப் பார்த்துவிட்டு மலையேறியவர்கள் 2021-இல் கிலோ ஆயிரத்துக்கும் கீழே விற்றார்கள். 2024 கோடையில் இடுக்கியில் செடிகள் நின்ற நிலையிலேயே காய்ந்தபோதும் இதே கதைதான். காய் குறைந்தால் விலை கூடும், காய் பெருகினால் விலை விழும். போதாக்குறைக்குக் கடல் தாண்டிக் குவாத்தமாலாவில் விளைச்சல் நன்றாக இருந்தாலும் நம் விலை இறங்கும். நல்ல விலையைப் பார்த்துப் பணம் போடுகிறவன் கைக்குக் காய் வரும்போது அந்த விலை இருக்காது.

அதற்காக இறங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் பெரியவர்கள். அந்த அளவை எப்படிப் போடுவது என்பதுதான் விஷயம்.

எடுத்துக்காட்டாக 2 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். குத்தகை, உரம், மருந்து, தண்ணீர், கவாத்து, காயெடுப்புக் கூலி, உலர்த்தும் செலவு எல்லாம் சேர்த்து 6 லட்சம் ஆகிறது, 400 கிலோ உலர்ந்த காய் கிடைக்கிறது என்றால் அடக்க விலை 1,500 ரூபாய். விலை 900-க்கு இறங்கினால் கையிலிருந்து போவது 2 லட்சத்து 40 ஆயிரம். விளைச்சலும் 250 கிலோவாகக் குறைந்து, விலையும் அதே 900-இல் நின்றால் நட்டம் 3 லட்சத்து 75 ஆயிரம். காயெடுப்புக் கூலி கொஞ்சம் மிச்சமாகும் என்பதைத் தவிர வேறு ஆறுதல் கிடையாது. இந்தக் கடைசி எண்ணை வீட்டில் எல்லோர் முன்பும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவ்வளவு போனாலும் அடுத்த வருடம் தோட்டத்துக்குப் போக முடியும் என்றால் இறங்கலாம். முடியாது என்றால் 2 ஏக்கரை 1 ஏக்கராக்குங்கள், அல்லது இருவராகச் சேர்ந்து எடுங்கள். சம்பள வேலையை விடுவதை மூன்றாவது வருடத்தில் யோசிக்கலாம்.

நகையை அடகு வைத்து இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜனவரியில் குத்தகை எடுத்தால் முதல் காய் கைக்கு வர ஜூலை, ஆகஸ்ட் ஆகும். ஆறு ஏழு மாதம் செலவு மட்டும்தான், அதிலும் கோடையில் தண்ணீர்ச் செலவு கூடிக்கொண்டே போகும். வட்டி அதற்காகக் காத்திருக்காது. குத்தகைப் பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், பாதியை முன்பணமாகவும் மீதியைக் காயெடுப்புச் சுற்றுகளோடு சேர்த்தும் கொடுக்க ஒப்புக்கொள்கிற தோட்டக்காரரைத் தேடுங்கள். வாடகை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் பரவாயில்லை.

தோட்டம் பார்க்க மழைக்காலத்தில் போகாதீர்கள். மழையில் எல்லாத் தோட்டமும் பச்சையாகத்தான் இருக்கும். ஏப்ரலில் போங்கள். படுதா விரித்துத் தண்ணீர் தேக்கும் குளத்தில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது, குழாய்க்கிணற்று மோட்டார் எத்தனை மணி நேரம் விடாமல் ஓடுகிறது என்று நின்று பாருங்கள். சாலையோரச் செடிகளைத்தான் முதலில் காட்டுவார்கள். அதைத் தாண்டி நான்கு மூலைக்கும் போய், மூலைக்கு ஐந்து செடியாக இருபது செடி பாருங்கள். தூரில் கிடக்கும் சருகைக் கையால் விலக்கினால் புதுத் தட்டைகள், அதாவது தண்டுகள், எத்தனை எழும்புகின்றன, பூவும் காயும் பிடிக்கிற சரம் எத்தனை நீண்டிருக்கிறது என்பது தெரியும். இந்த வருடத்துக் காய் அந்தச் சரத்தில்தான். செடி செழிப்பாக நின்று சரம் இல்லையென்றால் உரத்தில் வளர்ந்த இலையைத்தான் பார்க்கிறீர்கள்.

இளம் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பிலிருந்து ஓரம் வரை வெளிர்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டு ஓடினால் அது கட்டே நோய். மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி அதை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும், பிடுங்கி அழிப்பதுதான் வழி. இருபதில் மூன்று நான்கு செடியில் கண்டால் திரும்பி வந்துவிடலாம். இலை பழுத்த செடியின் தூரைக் கிளறினால் வெள்ளைப் புழு வேரைத் தின்றுகொண்டிருக்கலாம். அழுகல் நோய் ஜூன் மழைக்குப் பிறகுதான் முகம் காட்டும். வடிகால் எடுத்திருக்கிறதா, நிழல் மரம் கவாத்து ஆகியிருக்கிறதா என்பதை வைத்து முன்பே ஊகிக்கலாம். 10 அடிக்கு 10 அடி நட்டிருந்தால் ஏக்கருக்குச் சுமார் 435 செடி வரும். எண்ணிப் பாருங்கள். இல்லாத செடிக்கும் வாடகை கொடுக்கிறவர்கள் உண்டு.

காகித விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மலையாளத்தில் எழுதிய முத்திரைத்தாளில் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 1963, தன் 74-ஆவது பிரிவில் புதிதாகக் குத்தகை உரிமை உண்டாக்குவதையே தடுக்கிறது. உங்கள் தோட்டத்துக்கு விலக்கு உண்டா, எந்த வகை ஒப்பந்தமாக எழுதினால் நிற்கும் என்பதைக் கட்டப்பனையிலோ நெடுங்கண்டத்திலோ உள்ள ஒரு வக்கீலிடம் பணம் கொடுத்துக் கேளுங்கள். தோட்டக்காரர் காட்டிய வக்கீல் வேண்டாம். ஒரே வருடத்துக்கு எடுக்காதீர்கள். நல்ல வருடமும் கெட்ட வருடமும் சரிக்கட்டிக்கொள்ளக் குறைந்தது மூன்று வருடம் வேண்டும்.

காய் வந்த பிறகும் பணம் ஒழுகும் ஓட்டைகள் உண்டு. விதை கறுத்த காயைப் பறித்தால் ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய்க்கு 1 கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். இளங்காயையும் சேர்த்து உருவினால் 7 கிலோ வரை போட வேண்டியிருக்கும். ஆள் கிடைத்த அன்றைக்கே எல்லாவற்றையும் உருவிவிடத் தோன்றும், ஏனென்றால் மழை நாளில் நம் பக்கத்துக் கூடலூரிலிருந்து ஆள் ஏற்றிவரும் ஜீப் வராது. அதைவிட, முதல் சுற்றுக்கு முன்பே, ஆள் கூட்டிவரும் ஒரு கங்காணியிடம் 30, 40 நாளைக்கு ஒரு தேதி என்று பேசி வைப்பது மேல். காய் உலர்த்தச் சொந்த ஸ்டோர் இல்லாதவர்கள் உலர்த்தக் கொடுக்கும் இடத்தில் சூடு 45-இலிருந்து 55 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் முடிக்கச் சூட்டை ஏற்றினால் காய் வெடித்து நிறம் போகும், நிறம் போன காய்க்கு ஏலத்தில் விலை கேட்க ஆள் இருக்காது. பறித்த அன்றே 2 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் 10 நிமிடம் போட்டு எடுத்தால் பச்சை நிற்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். புற்றடி, போடிநாயக்கனூர் ஏல விவரங்களை நறுமணப் பொருள் வாரியம் வெளியிடுகிறது. வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை எல்லாம் அதில் இருக்கின்றன. நாளிதழ்களில் தலைப்பாக வருவது உச்ச விலை மட்டுமே. சராசரி விலையையும் விற்ற அளவையும் அதே பெட்டிச் செய்தியில், அதே எழுத்தளவில் போடுங்கள். போன வருடம் இதே வாரம் என்ன விலை என்பதையும் கூடவே போட்டால் மொத்தம் மூன்று வரிதான் ஆகும்.

ஏல விவசாயிகள் சிலர்,
கம்பம், தேனி மாவட்டம்