தனியாக டைவிங்: ஜோடி இல்லாவிட்டால் மாற்றுக் காற்று எங்கே?

உறுப்பினர்களுக்கு,

நீருக்கடியில் ஜோடி (உடன் டைவ் செய்பவர்) பத்து மீட்டர் தள்ளி கேமராவும் கையுமாக இருந்தால் நீங்கள் தனியாகத்தான் இருக்கிறீர்கள், அதுவும் உங்கள் காற்று நின்றுபோனால் சுவாசிக்க மாற்றுக் காற்று இல்லாமல். இரண்டு மூன்று துடுப்பு உதையில் எட்டும் தூரத்தில் இருப்பவர்தான் ஜோடி.

மேலே வரச் சிலிண்டரில் 50 பார் (அழுத்த அலகு) மிச்சம் போதும் என்ற பழக்கத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 பார். பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் (மேற்பரப்பு அளவு) இழுப்பார், ஜோடியின் காற்று தீர்ந்து ஒரே சிலிண்டரைப் பகிர்ந்தால் இருவருக்கு 60. ஆழத்தில் இதை அங்குள்ள அழுத்தத்தால் பெருக்க வேண்டும். நிதானிக்க ஒரு நிமிடம்: 180 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற: சுமார் 265. 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம்: 270. மொத்தம் 715. 12 லிட்டர் சிலிண்டரில் 50 பார் என்றால் 600தான். அதனால் 70 பாரிலேயே மேலே கிளம்புங்கள்.

பிரிந்துவிட்டால் ஒரு நிமிடம் சுற்றித் தேடுங்கள், பிறகு மேலே வாருங்கள். இதை இறங்குமுன்பே பேசிவைக்க வேண்டும்.

தனியாகப் போகிறவர்களுக்கு: ஆக்டோபஸ் (உதிரி வாய்க்குழாய்) மாற்று ஆகாது, அதுவும் அதே சிலிண்டரில்தான் தொங்குகிறது. சிலிண்டர் வால்வில் பொருத்தி அழுத்தத்தைக் குறைக்கும் முதல்நிலை ரெகுலேட்டர் பழுதானால் இரண்டும் போச்சு. தனி ரெகுலேட்டருடன் 3 லிட்டர் சிலிண்டர், 200 பார், எடுத்துப் போங்கள். வலையில் சிக்கினால் அறுக்க இரண்டு கத்திகள், இடது வலது எந்தக் கையாலும் எட்டுகிற மாதிரி. எஸ்டிஐ (SDI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் தனி டைவர் பயிற்சிக்கே 21 வயதும் 100 டைவும் கேட்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை.

யாருடன் போனாலும், இறங்குமுன் காற்றழுத்த மீட்டரைப் பார்த்தபடியே நான்கு முறை மூச்சிழுங்கள். முள் துள்ளினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை.